நம் வீட்டின் நாற்பத்தொரு நாள் இங்கிலீஷ்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
ஞாயிறு காலை

மஸ்கட் மாநகரில் கிரேன் ஓட்டி வானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பெரியப்பா தம்மபாலன் அவர்களின் சமூகத்துக்கு, தம்பி மகன் சஞ்சய் பணிவோடு (நம்புங்கள்) எழுதிக்கொள்வது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை ஐந்து மணி முதல் நம் வீட்டில் மீண்டும் தமிழ் பேசப்படுகிறது. நாற்பத்தொரு நாள் தடை நீங்கிய சந்தோஷத்தில் ராணி பெரியம்மா முதல் வேலையாக என்னைத் தமிழில் திட்டினார். பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

காரணம் உங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் யசோதரா அக்காவுக்கு நர்ஸ் வேலை கொடுத்த அயர்லாந்து ஆஸ்பத்திரி, ஐயெல்ட்ஸ் இங்கிலீஷ் பரீட்சையில் பேச்சுக்குக் குறைந்தது ஏழு வாங்கு, அதுவும் இந்த மாதக் கடைசிக்குள் என்று எழுதிவிட்டது. போன தடவை ஆறுதான். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை; தலைப்பு எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து இரண்டு நிமிடம் பேசு என்றால் மூன்று வாக்கியம் பேசிவிட்டு, சுரங்க ஷாஃப்ட்டில் ஆட்களோடு மாட்டிக்கொண்ட கேஜ் லிஃப்ட் மாதிரி பாதியில் நின்றுவிடுகிறாள். இந்தத் தடவையும் நின்றால் வேலை வேறு யாருக்கோ போய்விடும் என்று பெரியம்மா அழுதார். உடனே நான் என்னையே தலைமைப் பயிற்சியாளராக நியமித்துக்கொண்டேன். போட்டி வேட்பாளர் யாரும் இல்லை.

முதல் சட்டம், வீட்டில் இங்கிலீஷ் மட்டும். பெரியம்மா 'எஸ்', 'ஓகே' என்ற இரண்டே வார்த்தையில் குடித்தனம் நடத்தினார். தள்ளுவண்டிக்காரர் "பாகற்காய் அஞ்சு கிலோ போட்டுடட்டாம்மா?" என்று கேட்டதற்கும் 'எஸ்' என்றார். ஒரு வாரம் பேச்சும் கசந்தது, சோறும் கசந்தது. ஆனாலும் நான் தளரவில்லை. பக்கத்து வீட்டு சாம்ராஜ் மாமாவைப் போய்ப் பார்த்தேன். சுரங்கம் மூடும்வரை கேஜுக்கு மணி அடித்தவர் அல்லவா? மூன்று அடி அடித்தால் ஆட்கள் ஏறியாயிற்று, கேஜ் கிளம்பலாம். ஓடும்போது ஒரு அடி விழுந்தால் நின்றாக வேண்டும். மணி விழாமல் இம்மியும் அசையக் கூடாது.

"இன்னாடா, மைன் மூடி இத்தினி வருசம் ஆச்சு. இப்ப யாரை எறக்கப் போற?" என்றார்.

"எறக்கல மாமா, யசோதராக்காவ ஏத்தப் போறோம். மூணு அடிச்சா அது பேசணும். ஒண்ணு அடிச்சா நிறுத்தணும்."

"நடுவுல நின்னுட்டா?"

"திரும்ப மூணு அடிங்க."

"அது சரி, டீ யாரு போடறது?"

மணிக்குப் பதில் எவர்சில்வர் தட்டு, குழம்புக் கரண்டி; மாலை ஆறு மணி ஷிஃப்ட். அட்டைகள் என் கைவண்ணம்: 'உலகத்திலேயே அறிவாளியான உன் தம்பியைப் பற்றிப் பேசு' என்பது போன்ற பொது அறிவுக் கேள்விகள். மூன்றாவது வாரம் அக்கா மணி விழுந்ததும் கிளம்பினாள், ஒற்றை மணிக்குத்தான் நின்றாள். பயிற்சி எந்த அளவுக்கு ஊறிப்போயிற்று என்றால், தெருவில் குல்ஃபி வண்டிக்காரர் மூன்று தரம் மணி ஆட்ட, குளியலறையிலிருந்து "மை ஃபேவரிட் ஃபெஸ்டிவல் இஸ்..." என்று சத்தம் வந்தது. குல்ஃபிக்காரர் மரியாதையாக நின்று முழுவதும் கேட்டுவிட்டுப் போனார்.

பெங்களூரில் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். நேற்று முடிவு. பேச்சுக்கு ஏழரை! தெருவில் கத்திக்கொண்டே ஓடினேன். சாம்ராஜ் மாமா பதறிப்போய் வெளியே வந்து, "ஏழரையா? யாருக்குடா புடிச்சுது?" என்றார். இப்போது நம் ஊரில் பாலகாட் முதல் ஆண்டர்சன்பேட்டை வரை என் பெயர்தான். 'சஞ்சய் இங்கிலீஷ் அகாடமி' என்று போர்டு எழுதச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் ஊருக்கு வரும்போது திறந்து வைக்கலாம், கத்தரிக்கோல் மட்டும் கொண்டு வாருங்கள்.

உங்கள் கிரேன் உயரவும், உங்கள் ரத்த அழுத்தம் தாழவும், இரண்டும் இடம் மாறாமல் இருக்கவும் வேண்டி வணங்கும்,
சஞ்சய் (தலைமைப் பயிற்சியாளர்)

பின் குறிப்பு: அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். உண்மையை எழுதாவிட்டால் என்னையும் மடித்து இதே உறையில் போட்டு அனுப்புவாளாம். எழுதுகிறேன்.

பரீட்சை அறையில் கேள்வி கேட்கும் அம்மையார் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் கழித்து "ஆரம்பிக்கலாம்" என்றாராம். அக்கா சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாளாம். மணிக்காக. அது எங்கே விழும்? "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று அவர் கேட்டபோது அக்காவுக்கு அயர்லாந்து கையைவிட்டுப் போவதே தெரிந்ததாம். குனிந்து அட்டையை மறுபடி படித்திருக்கிறாள். 'உங்களைக் கோபப்படுத்திய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்.' அதற்கப்புறம் தட்டும் வேண்டியிருக்கவில்லை, கரண்டியும் வேண்டியிருக்கவில்லை.

உங்களிடம் மறைத்த ஒன்று இருக்கிறது, பெரியப்பா. நண்பன் கிளாரன்ஸ் போனிலிருந்து, மாடியில் ஒளிந்துகொண்டு, அந்த அயர்லாந்து ஆஸ்பத்திரியின் மிஸ்டர் ஹரோல்ட் டப்ளினிலிருந்து பேசுவதாக அக்காவை அழைத்தேன். கீழே அவள் எழுந்து நின்று பத்து நிமிடம் 'எஸ் சார்' போட்டாள். "உங்கள் தம்பி எப்படி?" என்று கேட்டேன். "வெரி சின்சியர் பாய், சார்" என்றாள். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா சட்டத்தை மறந்து, "சஞ்சய்! மாடியில இன்னாடா பண்ற? மிச்சர் டப்பாவ வச்சுட்டு எறங்கு!" என்று போட்ட சத்தம் படிக்கட்டிலும் கேட்டது, போனிலும் கேட்டது. "ஒன் மினிட், சார்" என்று சொல்லிவிட்டு அக்கா துடைப்பத்தோடு மேலே வந்தாள்.

அதைத்தான் சொல்லியிருக்கிறாள். பாதியில் எங்கும் நிற்கவில்லை. இரண்டு நிமிடம் முடிந்தும் நிற்காததால் அந்த அம்மையார் கை காட்டி நிறுத்தினாராம். ஆகவே தலைமைப் பயிற்சியாளர் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். அந்த அம்மையார் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்:

"அந்தப் பையன் இன்னும் உயிரோடு இருக்கிறானா?"

"இப்போதைக்கு" என்றாளாம் அக்கா.