பம்பருக்குக் கட்டிய காப்பு

2009-ஆம் ஆண்டு. தேனியிலிருந்து வீரபாண்டி போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் வாசலில் அன்று நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்கள், உள்ளே இலவச டிவி கொடுக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். அட, டிவி என்ன பெரிய டிவி! தேங்காய்ச் சித்தர் எழுந்தருளியிருந்தார். வரவேற்பு ஃபிளெக்ஸில் சித்தரின் தலையைச் சுற்றி ஒளிவட்டம். பக்கத்திலேயே நின்ற கோலத்தில் ஒரு தேங்காய். அதற்கும் ஒளிவட்டம்.

ஜெயமங்கலத்தார் வேன் பிடித்துப் பச்சைப்பிள்ளையோடு வந்திருந்தார்கள். வடுகபட்டிப் பூண்டு வியாபாரி தராசைத் தூக்கி வந்திருந்தார். ஒருவர் பம்புசெட் ஸ்டார்ட்டரையே கழற்றி வந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கரண்டு போய்ப் போய் வருவதற்கும் கண்ணேறுதான் காரணமாம்!

சித்தரின் பழைய பெயர் சீனிச்சாமி. பழைய தொழில், உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்து நீரோட்டம் பார்ப்பது. காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர் என்பார். அங்கே போர் போட்டால் புழுதி வரும். நாலு ஊர்க்காரர்கள் கம்போடு தேட ஆரம்பித்ததும் மனுஷன் யோசித்தார். தண்ணீர் இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிடுகிறான். கண்ணேறை எவன் தோண்டிப் பார்ப்பான்? தொழில் மாறியது. தேங்காய் மாறவில்லை.

அவரைக் கல்லூரிக்கு அழைத்தவர் தாளாளர் அய்யாத்துரை. போன வருஷம் கோயம்புத்தூரில் நடந்த ரோபோ போட்டியில் இவர்கள் ரோபோ முதல் ஆட்டத்திலேயே குப்புற விழுந்தது. சக்கரம் சரியில்லை என்றார்கள் மாணவர்கள். பக்கத்துக் கல்லூரிக்காரன் கண் என்றார் தாளாளர். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் அப்பீல் ஏது? பேராசிரியர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

ஆட்டாத தலை ஒன்றுதான். அணித்தலைவி ஞானசெல்வி. இறுதியாண்டு, இந்த வருஷப் போட்டியை விட்டால் அவளுக்கு வேறு போட்டி கிடையாது. ரோபோவின் நாலு பக்கமும் பம்பர் வைத்திருந்தாள். பிளைவுட் பலகை, மேலே நுரைமெத்தை, அதற்கு மேலே துணி. சிவப்பில் ஒரு செட், நீலத்தில் ஒரு செட். எந்த ஆட்டத்துக்கு எந்த நிறம் என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்வார்கள். உடனே மாற்ற வேண்டும். எடை பார்க்கும்போது கழற்ற வேண்டும். கழற்ற முடியாத பம்பரோடு போனால் களத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். அதனால் ஓர் இரும்புப் பின்னை உருவினால் பலகை கையோடு வருகிற மாதிரிக் கொக்கி வைத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி செய்து, ஒருவழியாக மனசுக்குப் பிடித்தாற்போல முடித்திருந்தாள்.

சித்தர் ரோபோவுக்கு முன்னால் தேங்காயை நீட்டினார். படுத்திருந்த காய் லேசாக ஆடியது. விலுக்கென்று எழுந்து நின்றது.

"ஆத்தாடி!" என்றது கூட்டம்.

"ஊருப்பட்ட கண்ணு!" என்றார் சித்தர்.

சிவப்புப் பம்பர் ஒவ்வொன்றிலும் மஞ்சள் கயிற்றைச் சுற்றினார். குங்குமம் அப்பினார். அப்புறம் நாலையும் ரோபோவின் உடம்போடு சேர்த்து, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக் கட்டினார். மறுபடி தேங்காயை நீட்டினார். இப்போது அது சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாமனார் மாதிரி அசையாமல் கிடந்தது.

"காப்புக் கட்டியாச்சு. போட்டி முடியிற மட்டும் அவுக்கப்படாது. அவுத்த கை விளங்காது."

"சாமி, அங்கன கழட்டச் சொல்லுவாகளே?" என்றாள் ஞானசெல்வி.

"கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுனவுக நடுவுல அவுப்பாகளா ஆத்தா?"

"திருவிழாவுல யாரையும் எடை போட மாட்டாகளே சாமி!"

தாளாளர் பாய்ந்து வந்தார். "என்னம்மா எதுத்துப் பேசுற? போட்டி முடியிற மட்டும் அந்தக் காப்புல ஒருத்தரும் கை வைக்கப்படாது. வச்சா நீ தலைவி இல்ல. ஈஸ்வரபாண்டிதான்."

ஈஸ்வரபாண்டி அணியில் மோட்டார் வேலை பார்ப்பவன். கெட்டிக்காரன்தான். ஆனால் பல்லி கத்தினால் பரீட்சை எழுதுவதை நிறுத்திவிட்டு உச்சுக்கொட்டுவான்.

"கட்டுனது கட்டியாச்சு செல்வி, விட்ரு. கை விளங்காமப் போயிட்டா?"

"கட்டுன பம்பரோட போனா வாசல்லயே திருப்பி அனுப்புவாகடா. அப்ப நம்ம ஒரு வருசப் பாடு மட்டும் விளங்குமா?"

அன்று சாயங்காலம் அவள் கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கினாள். சட்னிக்கு இல்லை.

போட்டிக்குக் கிளம்பும் நாளில் வழியனுப்பு பூசை. மறுபடி சித்தர், மறுபடி கூட்டம். ரோபோ போர்வைக்குள் இருந்தது. அதற்கு முன்னால் வாய் கட்டிய நாலு சாக்கு.

"சாமி, ஒவ்வொரு சாக்குலயும் ஒரு பம்பர் இருக்கு. எதுல உங்க காப்பு இருக்கு, எதுல இல்லைன்னு உங்க காயி சொல்லட்டும். மகிமைய ஊரே பாக்கட்டும்."

தாளாளர் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் கைதட்டியது. தட்டிய பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சித்தர் கண்ணை மூடினார். முதல் சாக்குக்கு நேரே நீட்டியபோது உள்ளங்கையில் காய் படுத்திருந்தது. இரண்டாவதில் எழுந்தது. மூன்றாவதில் துள்ளி எழுந்தது. நாலாவதில் படுத்துக்கொண்டது.

"நடுவுல ரெண்டுலயும் காப்பு இல்ல. கண்ணு அப்பிக் கெடக்கு!"

"பாண்டி, அவுருடா."

ஈஸ்வரபாண்டி முருகா முருகா என்று முனகிக்கொண்டே அவிழ்த்தான். நாலு சாக்கிலும் சிவப்புப் பம்பர். நாலிலும் மஞ்சள் கயிறு. நாலிலும் சித்தர் அப்பிய அதே குங்குமம்.

"நாலுமே நீங்க கட்டுனதுதான் சாமி. ரோபோவோட சேத்துக் கட்டுன முடிச்ச மட்டுந்தான் காலையில நான் அறுத்தேன்."

தாளாளர் முகம் கறுத்தது. சித்தர் முகம் மலர்ந்தது. "அறுத்திட்டயா? அப்ப காப்போட சக்தி போச்சு! அதான் காயி எந்திரிச்சிச்சு!"

"போச்சுன்னா நாலுலயும் போயிருக்கணும். ரெண்டுல மட்டும் ஏன் சாமி படுத்துச்சு?"

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"அறுத்த கை இதான். நல்லா விளங்குது, பாருங்க." ஞானசெல்வி அந்தக் கையிலேயே சித்தரின் தேங்காயை வாங்கிக்கொண்டாள். நேரே போய்த் தாளாளர் நெஞ்சுக்கு முன்னால் நீட்டினாள். காய் விறைப்பாக எழுந்து நின்றது.

"எம்மேலயா கண்ணு?" தாளாளர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"உங்க மேல ஒண்ணுமில்ல சார். உள்ளங்கைய லேசாக் குழிச்சு, விரல ஒரு சுண்டு சுண்டுனா காயி தானா நிமிரும். சாமி, அதையே இந்த ஸ்டூல்ல வச்சு நிக்கச் சொல்லுங்க பாப்போம்!"

ஸ்டூலில் வைத்தார்கள். தேங்காய் தேங்காயாகவே கிடந்தது. கூட்டம் திரும்பிச் சித்தரைத் தேடியபோது அவர் கேட்டைத் தாண்டியிருந்தார். நீரோட்டம் பார்த்த நாளில்கூட மனுஷன் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றார் தாளாளர். பேராசிரியர்கள் அதற்கும் தலையை ஆட்டினார்கள்.

கோயம்புத்தூரில் எடை பார்க்கப் பம்பரைக் கழற்றச் சொன்னார்கள். பின்னை உருவியவன் ஈஸ்வரபாண்டி. நாலு பலகையும் கையோடு வந்தன. உள்ளே விட்டார்கள். அவன் ஒரு தரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றி மாட்டி அரையிறுதி வரைக்கும் வந்து, அங்கே தோற்றார்கள். யார் கண்ணும் படவில்லை, பேட்டரி தீர்ந்துபோனது. கூட ஒரு பேட்டரி கொண்டுவர வேண்டும் என்று ஈஸ்வரபாண்டியே சொன்னான்.

சித்தர் இப்போது கம்பம் பக்கம் வீடுகளுக்குக் கண்ணேறு பார்க்கிறாராம். புதுத் தேங்காய், புது ஃபிளெக்ஸ், அங்கேயும் வேன் பிடித்து ஜனம். பின்னை உருவினால் பம்பர் கையோடு வந்துவிடுகிறது. கண்டவனும் நம் தலையில் மாட்டிவிட்டுப் போன பயத்தைக் கழற்ற, நாம் எவன் வருவான் என்று காத்திருக்கிறோம்?