பெறாமகள் பதிவு

போர்க்காலமான தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீடு முறைப்படி வீடாக இருக்க வேண்டுமானால், அதில் குடியிருப்போர் அனைவரும் பொலிஸில் பதியப்பட்டிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர் கனகசபாபதி பதியப்பட்டிருந்தார். மனைவி இரத்தினம்மாவும் பதியப்பட்டிருந்தார். கனகசபாபதியின் வலது கால் பெருவிரலில் இருந்த, ஆறாத சீனிவருத்தப் புண் மட்டும் பதியப்படவில்லை. அதற்கு மருந்து கட்ட, கொட்டாஞ்சேனையிலுள்ள தனியார் தாதியர் பணியகமொன்று தெஹிவளை றஸ்மியாவைத் தினமும் காலையில் அனுப்பியது.

தாதிக்கும் வாடிக்கையாளருக்கும் எவ்வித உறவும் இருத்தலாகாது என்பது பணியகத்தின் ஏழாவது விதி. ஆகவே இரத்தினம்மா கொடுக்கும் தேத்தண்ணியை றஸ்மியா குடிப்பதும், அவளுக்கு வந்த கலியாணப் பேச்சை மூவருமாக அலசுவதும் உத்தியோகபூர்வமாக நடைபெறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுச் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர், கட்டுத்துணியும் கையுமாக நின்ற றஸ்மியாவைக் கண்டார்.

"இது யார்?"

"நர்ஸ்," என்றார் கனகசபாபதி.

"சொந்தமா?"

"இல்லை."

"சொந்தம் இல்லாட்டி ஒவ்வொரு நாளும் ஏன் வாறது?"

அவருடைய படிவத்தில் 'உறவுமுறை' என்றொரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட அவருக்கு அதிகாரமில்லை.

"பெறாமகள் எண்டு எழுதுங்கோ," என்றார் இரத்தினம்மா.

"அது என்ன?"

"மகள்தான். நாங்கள் பெறேல்லை, அவ்வளவுதான்."

பொலிஸ்காரர் நிம்மதியாக 'மகள்' என்று எழுதினார். பிரதியொன்று பணியகத்துக்கும் போனது.

மறுநாள் றஸ்மியா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கட்டுத் தவறினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். மூன்றாம் நாள் கனகசபாபதி நொண்டி நொண்டி, நான்கு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, பணியகத்துக்குப் போனார்.

"உங்கட மகளை உங்களுக்கே நர்ஸா அனுப்ப ஏலாது," என்றார் முகாமையாளர் ஒஸ்வால்ட்.

"அவ என்ர மகள் இல்லை."

"அப்ப பொலிசுக்குப் பொய் சொன்னீங்களா?"

கனகசபாபதி சற்று யோசித்தார். "மகள்தான்."

"அப்ப அனுப்ப ஏலாது."

"மகளோட கோவம் எண்டால்?"

ஒஸ்வால்ட் விதிக்கோவையைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "கோவம் எண்டால் உறவு இல்லை. ஆனா எழுத்தில வேணும்."

புதுக்கடை நீதிமன்றச் சட்டத்தரணி ஒருவர் சத்தியக்கடதாசி தயாரித்தார். மேற்படி மகளுடன் தமக்கு இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கனகசபாபதி கையொப்பமிட்டார். காரணம் கேட்டபோது, "கட்டை இறுக்கிக் கட்டுறா," என்றார். அதுவும் எழுதப்பட்டது.

அடுத்த நாள் காலை றஸ்மியா அந்தக் கடதாசியை வாசித்தாள். "அங்கிள், மெய்யாவே கோவமா?" என்று கேட்டாள். சிரிப்பிலேயே அவள் கண் கலங்கிவிட்டது. அன்று கட்டைத் தளர்த்தித்தான் கட்டினாள்.

மூன்று மாதத்தில் புண் முற்றாக ஆறியது. றஸ்மியா விடைபெற்றாள். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இரண்டு நாள் இருந்தார்கள். மூன்றாம் நாள் கனகசபாபதி பேனையை எடுத்தார். நாற்பது வருடச் சேவையில் கற்ற மொழியனைத்தையும் திரட்டி, 'கால் குணமடைந்தமை தொடர்பான முறைப்பாடு' ஒன்றை எழுதிப் பணியகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஒரே வாரத்தில் பதில் வந்தது:

'தங்கள் முறைப்பாடு விசாரிக்கப்பட்டது. குற்றம் நிரூபணமாகியுள்ளது. சம்பந்தப்பட்ட தாதி கடுமையாக எச்சரிக்கப்பட்டுள்ளார். எமது வாடிக்கையாளர் எவரும் இனிமேல் குணமடைய மாட்டார்கள் என இத்தால் உறுதியளிக்கிறோம்.'