பரத்வாஜின் விண்வெளிக் கீரை

"ஸ்விட்சை யாரு அணைச்சது?"

கூடத்தில் நின்று பரத்வாஜ் கேட்டதற்கு, சமையலறையிலிருந்து நீரஜா நிதானமாகப் பதில் சொன்னாள். "நான்தான். ஆளில்லாத ரூம்ல லைட் எரிஞ்சிண்டிருந்தா அணைக்க மாட்டாளா?"

"உள்ள நாப்பது கீரைச் செடி இருக்கே."

"கீரை என்ன, பரீட்சைக்கா படிக்கறது?"

விண்வெளிக்குப் போகிறவர்களுக்குக் கீரை வளர்க்கிற முறையில் பரத்வாஜ் தானே செய்த பெட்டி அது. மண் கிடையாது. ஊதா விளக்கின் கீழே வேர்கள் அந்தரத்தில் தொங்கும். அதே ஸ்விட்சில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று பனிபோலத் தண்ணீர் தெளிக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஒரு வாரத்துக்கு வரும். கோடையில் லாரித் தண்ணீருக்கு நாயாய் அலைகிற ராஜா அண்ணாமலைபுரம் குடியிருப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

பதினோரு மணிக்குக் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் மொட்டை மாடி கீரைக்கு. இல்லையென்றால் செல்போன் டவருக்கு. மூன்று வருஷமாக ராப்பகலாய் இதே நினைப்பு, பாவம் மனுஷன்.

இப்போது நாற்பதும் தலைதொங்கிக் கிடந்தன. ஸ்விட்சைப் போட்டார். பம்ப் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. நீரஜாவுக்கு மனசு கேட்கவில்லை. இஸ்திரி மேஜையிலிருந்த ஸ்ப்ரே பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். இலை, வேர் ஒன்று விடாமல் அடித்தார். கொஞ்ச நேரத்தில் கீரை விறைப்பாக நின்றது.

"பாத்தியா, எழுந்துடுத்து."

நீரஜா பாட்டிலை மோந்து பார்த்தாள். "ஏன்னா, இது காட்டன் புடவைக்கு அடிக்கற கஞ்சின்னா."

இலையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காயவைத்தால் பிரிந்துவிடும் என்று ஹேர் டிரையரைப் பிடித்தார். ஐந்தே நிமிஷத்தில் கீரை அப்பளமாகிவிட்டது.

மணி பத்தரை. ராயப்பேட்டையிலிருந்து கீரைக் கூடையோடு வரும் அமீனா பீ கேட் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பரத்வாஜ் மூச்சிரைக்க ஓடினார்.

"பத்து கட்டு முளைக்கீரை குடும்மா, வேரோட."

"இன்னா சார், வூட்ல கல்யாணமா?"

கூடையில் காசைப் போட்டுவிட்டுக் கட்டுகளோடு மாடிக்கு ஓடினார். அவரும் நீரஜாவுமாகக் காய்ந்ததைப் பிடுங்கிவிட்டு, கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பெட்டியின் ஓட்டைகளில் சொருகினார்கள்.

"இது ஏமாத்து வேலை இல்லையோ?" என்றாள் நீரஜா.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்."

சரியாகப் பதினொன்றுக்கு எட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் செயலாளர் சுப்புலக்ஷ்மி மாமி, வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நோண்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். ஒரு செடியை உருவி வேரைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தார்.

"மண்ணே ஒட்டலை. வெள்ளை வெளேர்னு இருக்கு. பேஷ். டவரெல்லாம் வேண்டாம், என்ன சொல்றேள்?"

எட்டுக் கைகளும் உயர்ந்தன. பரத்வாஜ் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் பொய் சொன்னால் வியர்க்கிற ஜாதி அவர். சட்டை நனைந்துவிட்டது. இவ்வளவு நம்புகிறவர்களை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"மாமி, மன்னிச்சுக்கோங்கோ. இது என் பெட்டியில வளந்ததில்லை. என்னோடது காலம்பறவே செத்துப்போச்சு. இது கீழ கீரைக்காரம்மாகிட்ட வாங்கினது."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நீரஜா வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அமீனா பீ. "சார், வூட்டு சாவிய கூடையிலயே போட்டுட்டு ஓடியாந்துட்டியே."

சுப்புலக்ஷ்மி மாமி கையிலிருந்த செடியை நீட்டினார். "ஏம்மா, இது உன் கீரையா? வேர்ல துளி மண்ணைக் காணோமே?"

"மண்ணு ஏதும்மா? போன வருசம் பார்க்குல வாக்கிங் வந்தவங்களாண்ட சார் சொல்லிக்கினு இருந்தத கேட்டு, எங்க மொட்ட மாடில இதே மாரி பத்து பொட்டி வெச்சு வளத்துக்கினு கீறேன்."