தென்துருவ நீரோட்டமும் லாமி தீர்மானங்களும்

அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் மாபெரும் கடல் நீரோட்டம் எப்படிப் பிறந்தது என்பதை உலகம் முழுவதும் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அதைக் கூட்டம் போட்டு ஒருமனதாகத் தீர்மானமாக நிறைவேற்றிய ஊர், ஃபிஜித் தலைநகர் சுவாவை ஒட்டிய எங்கள் லாமி ஒன்றுதான். எதையும் இரண்டு முறை சரிபார்த்தும் சந்தேகப்படுகிற எனக்கே இதில் சந்தேகம் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு. இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்க்க ஆட்கள் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்த சில வாரங்களில், கோயில் கூடத்தில் 'லாமி நிலவியல் மாலை வகுப்பு' தொடங்கியது. ஊரடங்கு காரணமாக மாலை வகுப்பு பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. நிலவியல் படித்தால் ஆஸ்திரேலிய விசாவுக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும் என்று சுவாவில் ஒரு ஏஜென்ட் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லாமி மக்களுக்குப் பாறைகள் மீது திடீரென்று பாசம் பொங்கிவிட்டது, அவ்வளவுதான்.

வகுப்பின் தலைவர் ஹார்டுவேர் கடை பாலசுப்பிரமணி மாமா. அவரும் ஒரு மாணவர். தையல் தொழிற்சாலை மோகினி அக்கா, மெக்கானிக் அவினாஷ், நான் ஆகியோர் மற்றவர்கள். எனக்கு விசா வேண்டாம். சான்றிதழ் கிடைத்தால் இங்கேயே ஆசிரியப் பயிற்சியில் சேரலாம். ஆனால் மாணவர்கள் நான்கு பேருக்குக் குறைந்தால் தேர்வு கிடையாது.

எங்கள் ஆசிரியர் மகேந்திரா சார் பாடத்தைத் தொடங்கினார்.

"ஒரு காலத்துல ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிகாவும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மூணு கோடி வருசத்துக்கு முன்னாடியே ஆஸ்திரேலியா பிரிஞ்சு வடக்கே போயிருச்சு. அந்தப் பக்கம் தென் அமெரிக்காவும் போயிருச்சு. நடுவுல கடல் திறந்துச்சு. தடுக்க நிலம் இல்ல, தண்ணி சுத்த ஆரம்பிச்சுது. வடக்குலேர்ந்து சூடான தண்ணி உள்ள வர முடியல. அண்டார்க்டிகா உறைஞ்சு போச்சு."

"ஆஸ்திரேலியா எதுக்குப் போச்சு?" என்றார் தலைவர். "அங்கயும் ஆட்சியக் கவுத்துட்டாங்களா?"

"இல்ல மாமா. பூமித்தட்டு நகர்ந்துச்சு. வருசத்துக்குச் சில சென்டிமீட்டர்."

"விசா ஆபீஸ் வேகம்" என்றான் அவினாஷ்.

மோகினி அக்கா கையை உயர்த்தினார். "அண்டார்க்டிகாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போச்சா சார்?"

"கண்ணு பட்டுரும்னு சொல்லியிருக்காது" என்றான் அவினாஷ்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் விசா வந்தால் விமானம் ஏறும்வரை வாய் திறப்பதில்லை.

'பிரிந்து போனது' என்ற சொல் மக்களைக் கலக்கும் என்று தலைவர் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். நடுவில் நங்கோனா வேர்ச்சாறு கலந்த மரப்பாத்திரம் வைக்கப்பட்டது. நங்கோனா குடிப்பதற்கு முன் ஒருமுறையும் குடித்த பின் மூன்று முறையும் கைதட்டுவது ஃபிஜி வழக்கம். எங்கள் சட்டவிதிப்படி ஒவ்வொரு தட்டும் ஓர் ஆதரவு வாக்கு. எனவே குடித்த பிறகு எதையும் எதிர்க்க முடியாது.

'ஆஸ்திரேலியா எங்கும் போகவில்லை. தற்காலிகமாக வடக்கில் தங்கியுள்ளது' என்பது முதல் தீர்மானம். 'தேர்வு முடியும்வரை நாமும் லாமியை விட்டு நகர மாட்டோம்' என்பது இரண்டாவது. நான்கு உறுப்பினர்களின் பதினாறு வாக்குகளால் இரண்டும் நிறைவேறின. வாக்குரிமை இல்லாத சாரும் உணர்ச்சிவசப்பட்டுத் தட்டினார்.

அடுத்த வாரம் அவினாஷுக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில்தான் இறங்கியது. பக்கத்துத் தீவிலுள்ள லம்பாசாவில் கல்யாணம் என்று புறப்பட்ட மோகினி அக்காவின் விமானமும் வழி தவறி அங்கேயே போயிற்று. பிறகு சாரையும் காணவில்லை. தலைவரே பாடம் எடுத்தார்.

"தண்ணி சுத்துது. இன்னும் சுத்துது. எழுதிக்க."

நான் எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டேன். "மாமா, புதுசா ரெண்டு பேரைச் சேத்துக்கலாமா? நீங்களும் நானும் இருந்தா நாலு ஆயிரும்."

"சேத்துக்க பாப்பா. நான் லாமி மண்ணுல அடிச்ச ஆணி. யாராலயும் பிடுங்க முடியாது."

அவர் கடை வாசலில் 'ஆணி உட்பட எல்லாம் பாதி விலை' என்று எழுதியிருந்தது. புதுச் சரக்குக்கு இடம் ஒதுக்குகிறார் என்று நம்பினேன். பக்கத்து வீட்டு ரஞ்சனாவையும் அவள் தம்பியையும் கெஞ்சிக் கூட்டிவந்து சேர்த்தேன்.

தேர்வு நாளில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். சுவாவிலிருந்து வந்த அதிகாரி நான்காவது நாற்காலியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிரிக்காத வினாத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரஞ்சனா என்னிடம் கோபித்துக்கொண்டு தம்பியோடு போய்விட்டாள்.

மறுவாரம் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்.

"பாப்பா, பிரிஸ்பேன்ல 'லாமி நிலவியல் சங்கம்' ஆரம்பிச்சுட்டோம். சார், மோகினி, அவினாஷ், நானு. சரியா நாலு பேரு."

"சந்தோசம் மாமா."

"முதல் தீர்மானமே நம்ம வகுப்பப் பத்தித்தான். கேளு." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "'அரும்பாடுபட்டு வளர்த்த வகுப்பைக் காப்பாற்றத் தவறி, அதை உறைந்துபோக விட்ட லாமி மக்களை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.'"

"லாமி மக்கள்னா யாரு மாமா?"



"இப்போதைக்கு நீதான் பாப்பா."

அவருக்குப் பின்னால் மூன்று முறை கைதட்டல் கேட்டது.