சம்பந்தியின் மாத்திரை தொடர்பாக

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12.9.1984

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அண்ணாமலை அவர்களுக்கு மாமன் காசிவிஸ்வநாதன் எழுதிக்கொள்வது. கோர்ட்டுமலைப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் தங்கள் மாமியாரும் நலம். தங்கள் நலத்தையும் எங்கள் மகள் தெய்வானையின் நலத்தையும் அறிய ஆவல். என் சம்பந்தியான தங்கள் அப்பச்சியின் நலத்தை நான் கேட்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

தங்கள் போர்ட் கிள்ளான் ஆபீசுக்கு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வீட்டுக்கு எழுதினால் தங்கள் ஆத்தா பிரித்துவிடுவார்கள். போன் பண்ணினாலும் ஆத்தாதான் எடுப்பார்கள்.

தங்கள் குடும்பம் கிள்ளானுக்கு மாறிப் போன பிறகும், அப்பச்சிக்கு எங்கள் தெரு டாக்டர் இராமலிங்கத்தின் சர்க்கரை மாத்திரைதான் கேட்கிறது, கிள்ளான் மாத்திரை உடம்பில் ஒட்டவில்லை. கிளினிக்கில் முறை சுலபம்தான். முன்கூட்டியே போன் பண்ணிச் சொன்னால் நர்ஸ் மிஸ்ஸி வீரம்மா பொட்டலம் கட்டிப் பெயர் எழுதி வைத்துவிடுவார், போய் வாங்கிக்கொள்ளலாம். "நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க சம்பந்தி" என்றார் அப்பச்சி. பெண்ணைக் கொடுத்தவன் முடியாது என்று சொல்வேனா? சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். முதல் மாதம் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளான் பஸ்ஸுக்குக் கிளம்பினால், தங்கள் மாமியார் சிவகாமி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள், கையில் மைலோ டின், உள்ளே நெய் மைசூர்பாகு. "அடியே, அவருக்குச் சர்க்கரை, நான் கொண்டு போறதே சர்க்கரை மாத்திரை" என்றேன். "கொண்டு போறது மாத்திரைதான், ஆனா போறது சம்பந்தி வீடாச்சே, வெறுங்கைய வீசிக்கிட்டா போவீங்க?" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது, தங்களுக்குத் தெரிந்தால் சொல்லவும்.

அங்கே தங்கள் ஆத்தா டின்னைத் திறந்து தட்டில் வைத்தார்கள். அப்பச்சி என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். "பொண்ணு வீட்டுப் பலகாரம், தொடாம விட்டா தெய்வானை மனசு என்ன பாடுபடும்?" என்றார்கள் ஆத்தா. மரியாதைக்கு ஒன்று எடுத்தார் அப்பச்சி, எனக்குத் துணையாக இன்னொன்று, நான் கிளம்பும்போது வழியனுப்ப ஒன்று. பிறகு மிஸ்ஸி கேட்டிருந்தபடி, டாக்டர் சோதிப்பதற்காகத் தன் சிறுநீரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். என்னையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஆத்தா அதே பையில் சீடை வைத்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "என்ன அங்கிள், தேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்தக் கடையில் வாங்கியது என்று சுங்கை வே தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

மாப்பிள்ளை, நல்ல உடம்பென்றால் அந்தச் சோதனையில் நீலம் காட்டுமாம். நம் அப்பச்சி முதலில் பச்சை காட்டினார், பிறகு மஞ்சள், இப்போது செங்கல் நிறம். நிறம் ஏற ஏற டாக்டர் மாத்திரையை ஏற்றினார். மாத்திரையை ஏற்றினதும் ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கப் பயந்து இரண்டு வாரத்துக்குத்தான் கொடுத்தார். அதனால் நான் மாதம் இரண்டு தரம் கிள்ளான் போக வேண்டியதாயிற்று, டின்னும் இரண்டு தரம் போயிற்று. நேற்று டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"சோறு குறைச்சாரா?"

"குறைச்சிட்டார் டாக்டர், அரை வயிறுதான்."

"டீயில சீனி?"

"தொடுறதே இல்ல."

"அப்ப எங்கிருந்துதான் வருது இவ்வளவு சர்க்கரை?"

பொட்டலத்தைக் கொடுக்க வந்த மிஸ்ஸி என் பையை எட்டிப் பார்த்து, "அங்கிள், இந்த மைலோ டின் மாசா மாசம் எங்கலா போகுது?" என்று கேட்டுவிட்டார். சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் என்று உண்மையைச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பச்சியின் கால்விரலில் நான் பார்த்துச் சொன்ன புண் ஆறாமலே இருக்கிறது, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும், இதுதான் கடைசிப் பொட்டலம், அடுத்தது ஊசிதான், ஆள் நேரில் வரவேண்டும் என்றார். கிள்ளான் பஸ் ஏறாமல், பொட்டலத்தோடு வீட்டுக்குத் திரும்பி இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை சிவகாமிக்குத் தெரியாமல் டின்னை பஸ் ஸ்டாண்டு கடை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, பாசாரில் கொய்யாக்காய் வாங்கிப் போனேன். ஆத்தா அதை வாங்கிக்கொண்டு, "உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே? கஷ்டம் ஒண்ணும் இல்லையே?" என்று தெய்வானையிடம் மூன்று முறை கேட்டார்களாம். பிள்ளை போன் பண்ணி அழுதது. அடுத்த தரம் சிவகாமி இரண்டு டின் கொடுத்தனுப்பினாள்.

எனக்கு அப்பச்சியை ரொம்பப் பிடிக்கும் மாப்பிள்ளை. கல்யாணத்தில் என் வீட்டு ஆட்கள் தாமதமாய் வந்தபோது ஒரு வார்த்தை பேசாமல், தானே பந்தியில் நின்று பரிமாறிய மனிதர் அவர். அவர் விரலை என் வீட்டு நெய் தின்றது என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் என்னால் தாங்க முடியாது. தாங்கள் மகன். நான் ஒரே ஒருமுறை வெறுங்கையோடு வந்து போக ஆத்தாவிடம் எப்படியாவது அனுமதி வாங்கித் தரவேண்டும். மற்ற சீர் எதிலும் குறை வைக்க மாட்டோம்.

பிள்ளையும் தாங்களும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழவேண்டும். ஆத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், இந்தக் கடிதத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமன்
காசிவிஸ்வநாதன்

பி.கு.: தபாலில் போடும் முன்பு சிவகாமி இதைப் படித்துவிட்டாள். படித்து அழுதாள். "நீங்க எழுதினது அத்தனையும் நியாயம்தாங்க" என்றாள். இப்படிப்பட்ட கடிதத்தை நேரில்தான் கொடுக்கவேண்டும், கடைசிப் பொட்டலத்தையும் கொடுக்கவேண்டும் என்று நாளைக்குத் தானும் என்னோடு வருகிறாள். வெகு நாள் கழித்து சம்பந்தி வீட்டுக்கு வருவதால் ரவா லட்டு பிடித்திருக்கிறாள், அப்பச்சிக்காகச் சீனியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறாளாம். பஸ்ஸில் தொலைந்துவிடக் கூடாதென்று மாத்திரைப் பொட்டலத்தை டின்னுக்குள் அடியில் வைத்து, அதன்மேல் லட்டை அடுக்கியிருக்கிறாள். லட்டு தீர்ந்தால்தான் மாத்திரையை எடுக்கலாம்.