கேட்டில் எழுதாமல் உள்ளே வந்த கொடி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். கம்பெனி ஸ்டோரில் இருபது வருஷமாக நான் எழுதியதெல்லாம் 'சரக்கு வந்தது, சுத்தமாக உள்ளது' என்ற ஒரு வரியும் கீழே ஒரு கையெழுத்தும்தான். அப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம். பொறுத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்டர் நைனாவைப் பற்றி எழுதாமல் விட்டால், ஒரு கட்டம் காலியாகக் கிடப்பதுபோல் உறுத்துகிறது.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மழை எங்கே வேண்டுமானாலும் பெய்யும். எங்கள் கம்பெனிக்குள் மட்டும், கேட்டில் நின்று நைனாவிடம் பேரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் பெய்யும்.

அவர் எங்கள் வாட்ச்மேன். அவருடைய ரிஜிஸ்டரில் ஒவ்வொரு வரிக்கும் ஆறு கட்டம். பெயர், நேட்டிவ், வந்த வேலை, கொண்டுவந்தவர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். ஆறும் நிரம்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை முதலாளியின் காரையே நிறுத்தினார்.

"வந்த வேலை இன்னா சார்?"

"சும்மாய்யா."

வந்த வேலை என்ற கட்டத்தில் 'சும்மா' என்று எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்தார். இன்னொரு நாள் ஓர் ஆடு நுழைந்தது. பெயர்: ஆடு. நேட்டிவ்: புதுவாயல். வந்த வேலை: மேய. கொண்டுவந்தவர்: தானாக. அதற்கடுத்த வாரம் ஒரு சாரைப்பாம்பு. அது வெளியே போன நேரத்தை மட்டும் அவர் எழுதவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்த எட்டு நாளும் கம்பெனியில் ஒருவரும் கக்கூஸ் பக்கம் தனியாகப் போகவில்லை.

இப்படிப்பட்டவரின் கண்ணெதிரே, கேட்டுக்கு வராமல், பின்பக்கச் சுவரோரமாக ஒரு கொடி முளைத்தது.

இதய வடிவ இலை, ஓரத்தில் பல் பல்லாக வெட்டு. திங்கட்கிழமை சுவருக்குக் கீழே இருந்தது சனிக்கிழமை சுவருக்கு மேலே இருந்தது. அடுத்த மாதம் புங்கமரத்தின் கழுத்தைப் பிடித்தது. அதற்கும் அடுத்த மாதம் 'மரம் வளர்ப்போம்' என்ற போர்டையே விழுங்கிவிட்டது.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. வருஷா வருஷம் ஜூன் மாதம் ஒரே குழியில் ஒரே வேப்பங்கன்றை நட்டுப் போட்டோ எடுப்பவர் அவர். கன்று ஆகஸ்டில் செத்துவிடும், குழி மட்டும் பத்திரமாக இருக்கும். இப்போது தண்ணீர்கூட ஊற்றாமல் சுவர் முழுக்கப் பச்சை. பசுமை ஆய்வுக்கு அதிகாரிகள் வரப்போகும் நேரம் வேறு. கமிட்டி போட்டு அதற்குப் 'பசுமை அரண்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

நைனா போய் நின்றார்.

"சார், இதும் பேரு தெர்ல, நேட்டிவ் தெர்ல. எழுதாம உள்ள வந்துகீது."

"செடிக்கு எதுக்குய்யா நேட்டிவ்? அதுல கை வெச்சே, இந்த கேட்ல நீ இருக்க மாட்டே."

அது சின்ன மிரட்டல் இல்லை. நைனாவின் மனைவி காலொடிந்து வீட்டில் கிடந்தார். மதியம் சைக்கிளில் புதுவாயல் போய் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, அரை மணியில் திரும்புவார் நைனா. வேறு சைட்டுக்கு மாற்றினால் அது நடக்காது.

கை வைக்கவில்லை. விசாரித்தார். ஒரு இலையை கேட் பாஸில் ஒட்டி எடுத்துக்கொண்டு கேண்டீனில் ஒவ்வொருவராகக் காட்டினார். மோல்டிங் பிரிவில் வேலை பார்க்கும் அஸ்ஸாம்காரர் பிபுல் பார்த்ததும் சிரித்தார்.

"இது எங்க ஊர்ல நிறைய இருக்கு நைனா."

நைனா ஆனந்தமாக 'நேட்டிவ்: அஸ்ஸாம்' என்று எழுதினார். பிபுலுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது எங்க ஆளு இல்ல. எங்க ஊருக்கும் வெளிய இருந்துதான் வந்துச்சு. தேயிலைச் செடி எல்லாம் மூடி கொன்னுடுச்சு. எல்லாத்தையும் எங்க தலையில போடாத."

"கோச்சிக்காதப்பா. பேஜாரா போச்சி," என்று எழுதியதை அடித்தார் நைனா. அவர் ரிஜிஸ்டரில் நான் பார்த்த முதல் அடித்தல் அதுதான்.

மறு ஞாயிறு கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நின்று, கண்ணாடி போட்டவர்களிடமெல்லாம் இலையை நீட்டினார். ஏழாவது கண்ணாடி ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆசிரியை. ரயில் வருவதற்குள் சொல்லிவிட்டார்: நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா. அங்கே ஆற்றங்கரையிலும் ஈரக்காட்டு ஓரத்திலும் அடக்கமாக இருக்குமாம். அதைத் தின்னும் பூச்சிகள் அங்கே உண்டு, இங்கே இல்லை. பூத்துவிட்டால் விதை காற்றில் பறக்கும். முறிந்த தண்டு மண்ணில் பட்டாலும் முளைக்கும்.

"அங்க கேக்க ஆளு கீது, அடங்கி இருக்குது. இங்க கேக்க ஆளு இல்ல. அதான் இந்த ஆட்டம்," என்றார் நைனா என்னிடம். சுவருக்கு அந்தப் பக்கம் நெல் வயல். கொடியில் வெள்ளை மொட்டு கட்டியிருந்தது.

பிறகு பழைய பக்கங்களைத் திருப்பினார். நாலு மாதம் முன்பு அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து பழைய பாய்லர் ஒன்று வந்தது. அடியில் சேறும் வேருமாக ஒட்டியிருந்தது. நான் பார்க்காமலே 'சுத்தமாக உள்ளது' என்று கையெழுத்துப் போட்டேன். சேற்றைச் சுரண்டிச் சுவரோரம் கொட்டச் சொன்னதும் நான்தான். நைனா அந்தப் பக்கத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், மூடினார்.

"ஸ்டோரு சார், ஞாயித்துக்கெழமை சும்மாதான கீற? ரெண்டு கோணி எடுத்துனு வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் பிபுலும் கணுக்கணுவாக, வேரோடு பிடுங்கினார்கள். நான் கோணியைப் பிடித்தேன். ஒரு துண்டு விடாமல் டிரம்மில் போட்டு எரித்தோம். வெளியே போன நேரம் 4.25 என்று எழுதினார் நைனா.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். ஏசி அறையில் டீ குடித்து, போன வருஷத்துப் போட்டோவைப் பார்த்து, கையெழுத்திட்டுப் போனார்கள். சுவர்ப் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஆனால் மேனேஜர் திரும்பினார், மொட்டைச் சுவரைப் பார்த்தார். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

"பிடுங்குனது நீதான்னு தெரியுது. அந்தக் கொடியை யார்யா உள்ள கொண்டுவந்தது? அந்தக் கட்டம் காலியா இருக்கு?"

"அது மட்டும் தெர்ல சார்."

"ஆட்டுக்கே எழுதினவன்யா நீ."

"வயசாய்ட்ச்சி சார்."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வழக்கம்போல வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவரை வள்ளூர்ப் பக்கம் ஒரு சைட்டுக்கு மாற்றினார்கள். புது வாட்ச்மேன் வருவதற்குள் நான் கேட்டுக்குப் போய், காலியாக இருந்த அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதி வைத்தேன்.