லெவுகாவுக்கு ஒரு தனி டொமைன்

"லெவுகாக்காரங்க என்ன, சூவாவுக்கு எடுபிடிங்களா?"

லெவுகா கிளை மேனேஜர் அமினியாசியின் மீசை துடிப்பது, சூவா தலைமை ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நேதானிக்குப் போனிலேயே தெரிந்தது.

"அப்படி இல்லீங்க ஐயா. கம்பெனி முழுக்க ஒரே டொமைன். எல்லார் பேரும் பாஸ்வேர்டும் ஒரே இடத்துல இருக்கும். காலையில கம்ப்யூட்டரைத் திறந்தா அவங்கவங்க ஊர் சர்வரே உள்ள விட்டுடும். உங்க கிளையில ஆளு கம்மி, அதனால நீங்க மட்டும் சூவா சர்வரைக் கேட்டா போதும்."

"கேக்கணுமா? இந்த நாட்டுக்கு முதல் தலைநகரமே லெவுகாதான்டா! நாங்க போய் சூவாகிட்ட கேக்கணுமா? எங்களுக்குத் தனி டொமைன் வேணும்."

போன் வைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் மூன்று கிளை மேனேஜர்களும் இதற்குச் சரி என்றால்தான் நேதானிக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் பா என்ற ஊரில் மாமனாரின் கோழிப்பண்ணை. மாமனார் அவன் அளவுக்கு ரப்பர் பூட்ஸ்கூட வாங்கி வைத்துவிட்டார்.

மேலதிகாரி சதேந்திராவிடம் ஓடினான்.

"அமினியாசிகிட்ட மட்டும் முடியாதுன்னு சொல்லிடாதே," என்றார் சதேந்திரா, ரொட்டிச் சுருளைக் கடித்தபடி. "வாய்தலா டிரேடிங் பொறந்ததே அந்த ஊர்ல. என்ன ஆனாலும் லெவுகா கிளை இருக்கும்னு சேர்மன் வாக்குக் குடுத்திருக்காரு. கேட்டதைக் குடுத்துடு."

கொடுத்தான். மத்தியானத்துக்குள் சேதி லம்பாசா கிளைக்குப் போய்விட்டது.

"கையளவு ஆபீஸ் லெவுகாவுக்குத் தனி டொமைன், எங்களுக்குக் கிடையாதா? சர்க்கரை ஆலை ஊர்க்காரங்கன்னா அவ்வளவு இளப்பமா?" என்று அங்கிருந்து மேனேஜரம்மா சீறினார்.

லம்பாசாவுக்கும் ஒன்று கொடுத்தான். லௌதோகா கிளை சும்மா இருக்குமா? அதற்கும் ஒன்று. ஒரே வீடாக இருக்க வேண்டியது, சூவாவோடு சேர்த்து நாலு வீடு, நாலு அடுப்பு, நாலு பூட்டு என்றாயிற்று. லௌதோகாவிலிருந்து லம்பாசாவுக்கு மாற்றலாகிப் போன கணக்கர் ஒருவர் எந்த வீட்டிலும் சேர்த்துக்கொள்ளப்படாமல், நாள் முழுக்க வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதைச் சரிசெய்ய, நாலு டொமைன்களும் ஒன்றையொன்று நம்பும்படி இணைத்தான். அன்றைக்கே லெவுகாவிலிருந்து போன்.

"பாஸ்வேர்ட் அடிச்சுட்டு டீ போட்டுக் குடிச்சு, கோப்பையும் கழுவி வெச்சுட்டேன். இன்னும் திறக்கலைப்பா!"

நேதானி லைனைத் தட்டிப் பார்த்தான். லெவுகா கிளையின் ஒவ்வொரு சொல்லும் கூரைமேல் இருக்கும் வட்டத் தட்டு வழியாக வானத்துக்கு ஏறி, சாட்டிலைட்டைத் தொட்டுவிட்டு, பிறகுதான் சூவாவில் இறங்கியது. இந்த லட்சணத்தில் தனி டொமைன் வேறு.

"ஐயா, தனி டொமைன்னா அதோட சர்வரும் உங்க பக்கத்துலயே இருக்கணும். அப்பதான் சட்டுனு திறக்கும்."

"அப்ப கொண்டாந்து வை. நான் என்ன வேண்டாம்னா—"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. நேதானியின் அறை இருண்டது.

"அடச்சே, இங்கயும் போயிடுச்சு," என்றார் அமினியாசி.

பாவம், கடல் தாண்டி லெவுகா இருக்கும் தீவிலும் இதே கதைதான் போலிருக்கிறது என்று நினைத்த நேதானி, சர்வரோடு கனமான ஒரு பேட்டரியையும் சேர்த்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை நானே தூக்கிட்டு வரேன் ஐயா."

"நல்ல பிள்ளை! கனமா இருக்குமே, பாத்து வா. நடுவுல ஒரு தடவை நின்னு மூச்சு விட்டுக்கோ. அது ஓடுறதைக் கண்ணால பாத்துட்டு உடனே சரி சொல்லிடுறேன்."

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே மழையில் பஸ் ஏறினான். சர்வர் மடியில், பேட்டரி காலடியில். படகுத்துறையில் இரண்டையும் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து படகில் ஏற்றினான். கடல் கொந்தளித்தது. குடலே வாய்க்கு வந்துவிட்டது. சர்வரை மட்டும் தன் மழைக்கோட்டால் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நனைந்தான். அக்கரையில் இன்னொரு பஸ். அவன் லெவுகாவில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. அவனை இறக்கிவிட்ட பஸ்தான் திரும்பும் படகுக்குக் கடைசி பஸ். அடுத்தது நாளைக் காலையில்தான் என்று டிரைவர் சொல்லிவிட்டு ஓட்டிப் போய்விட்டார்.

போகட்டும். அமினியாசி சரி என்று ஒரு வார்த்தை சதேந்திராவிடம் போனில் சொன்னால் போதும், ரப்பர் பூட்ஸ் மாமனார் காலுக்கே!

கடற்கரைத் தெருவில் 'வாய்தலா டிரேடிங்' பலகை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு பூட்டியிருந்தது. சாப்பிடப் போயிருப்பாரோ என்று போன் செய்தான்.

"ஐயா, வந்துட்டேன்! ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறேன்."

"வந்துட்டியா? காலையிலேர்ந்து டீயோட காத்திருக்கேன். இரு, ஜன்னல் வழியா பாக்குறேன்… காணோமேப்பா? இந்தக் கொட்டுற மழையில எங்க போய் நிக்கிறே?"

நேதானி அண்ணாந்து பார்த்தான். துளி மேகம் இல்லை. கட்டடத்துக்கு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு மேல் கூரைதான் இல்லை. உள்ளே ஒரு பப்பாளி மரம் காய்த்திருந்தது.

பக்கத்துக் கடை அக்னஸ் அம்மா, வாசலில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர், அவனையும் அவன் மூட்டையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரைத் தேடுறே தம்பி?"

"அமினியாசி ஐயாவை. சூவா தலைமை ஆபீஸ்லேர்ந்து வரேன். கீழ்த்தளத்துல வேலை."

"அமினியாசியா? புயல்ல இந்தக் கூரை பறந்த வாரமே, அந்த வட்டத் தட்டோட கிளையையே மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டாரே! உங்க கட்டடத்துலதான் இருக்காரு தம்பி, நாலாவது மாடியில."